சமத்துவம் என் மகளின் திறமையைத் தடுக்கிறதா?

கேள்வி: பெரம்பூரில் மெட்ரிக் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கணக்கில் கெட்டிக்காரி. மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிட்டால், அடுத்த பயிற்சிக்குப் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறார்கள். குழு புராஜெக்டில் வேலை முழுவதும் அவள் செய்ய, ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண். கேட்டால் ‘எல்லாரும் சமம்’ என்கிறார்கள். சமச்சீர் கல்வி, ரேங்க் பட்டியல் நிறுத்தம் எல்லாமே திறமையை மட்டம் தட்டவே வந்தவை போலத் தோன்றுகிறது. கட்டாய சமத்துவம் தனிமனித சுதந்திரத்தைப் பறிப்பதாகாதா? அவளை வேறு பள்ளிக்கு மாற்றலாமா?
– ஒரு தந்தை, சென்னை

பதில்: உங்கள் மகளைக் கையைக் கட்டி உட்கார வைத்தது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தி வைத்தால்தான் சமாளிக்க முடியும் என்ற நிர்வாக வசதிக்குத்தான் அங்கே சமத்துவம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். முந்திக்கொண்டு போகிற பிள்ளையைத் தடுக்கும்படி எந்தப் பாடத்திட்டமும் சொல்லவில்லை.

சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் வந்து, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பத்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புகளிலும் நடைமுறைக்கு வந்தபோது, மெட்ரிக் பள்ளிகள் தம் விருப்பப்படி பாடநூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இழந்தது உண்மைதான். அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அது பள்ளி நிர்வாகத்தின் சுதந்திரம். மாணவியின் சுதந்திரம் வேறு. கட்டுப்பாடில்லாத பள்ளிகள் பல, பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைத்ததை நாம் பார்த்தோம். அடிப்படை தெரியாமல் பொறியியல் கல்லூரியின் முதலாண்டில் திணறியவர்களில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம். ரேங்க் அறிவிப்பும் 2017இல்தான் நின்றது. அதனால் யாருடைய மதிப்பெண்ணும் குறையவில்லை. முழுப்பக்க விளம்பரம் கொடுத்துவந்த பள்ளிகளுக்குத்தான் நஷ்டம்.

இதனால் உங்கள் அச்சம் வீண் என்று சொல்ல வரவில்லை. எல்லாருக்கும் ஒரே விதி என்பது திறமையை நசுக்கக்கூடும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. எல்லாப் பாடத்திலும் தேறியாக வேண்டும் என்ற விதியால் கணித மேதை இராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற அன்றைய இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த, பட்டமில்லாத அந்த இளைஞருக்கு 1913இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். மற்றவர்களுக்கான தகுதி விதியை அது கைவிடவில்லை, இவருக்காகத் தளர்த்தியது.

ஆகவே, சமத்துவத்தின் பெயரால் ஒரு விதி வரும்போது, அது இல்லாதவருக்கு எதையேனும் தருகிறதா, அல்லது இருப்பவரை நிறுத்தி வைப்பதோடு சரியா என்று பாருங்கள். பொதுப் பாடநூல் முதல் வகை. ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண் என்பதோ, உங்கள் மகளுக்கு உரியதைக் கொடுக்காததோடு, மற்ற நால்வருக்கும் ஒரு வரிகூடக் கற்றுத் தருவதில்லை.

ஆசிரியையைப் பார்க்கும்போது சமத்துவ விவாதத்தைத் தொடங்காதீர்கள். ‘முடித்தபின் இவள் என்ன செய்யலாம்?’ என்று மட்டும் கேளுங்கள். கடினமான நான்கு கணக்குகளைத் தனித்தாளில் கொடுப்பது எந்த ஆசிரியருக்கும் பாரமன்று. புராஜெக்டில் யார் எந்தப் பகுதியைச் செய்தார்கள் என்று எழுதித் தரும் வழக்கத்தையும் கேட்டுப் பாருங்கள். திருவல்லிக்கேணியில் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் திறனறித் தேர்வுக்கு அவளை அனுப்புங்கள். விடுமுறை நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். இத்தனைக்குப் பிறகும் பள்ளி அசையாவிட்டால் தாராளமாக மாற்றலாம். ஆனால் புதிய பள்ளி எந்த வாரியம் என்று பார்ப்பதற்கு முன், ஒரு பிரிவில் எத்தனை பேர், முன்னதாக முடிக்கும் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை கொடுக்கிறார்கள் என்பதை விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.