பிறந்த ஊரும் ரத்த அழுத்தமும்: கடிதம்

வணக்கம் சார்,

சிகாகோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கறுப்பினத்தவர், வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். பிறந்தது மிசிசிப்பி. பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர் அப்புறம் ஊர்ப்பக்கம் போய்க் குடியிருக்கவே இல்லை. ரொம்ப வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். 'தெற்கே பிறந்தவர்களுக்கு இது அதிகம்' என்று டாக்டர் சொன்னாராம். ஊரை விட்டு ஐம்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகுமா? ராணுவ வாழ்க்கைதானே காரணமாக இருக்கும்?

எஸ்., சிகாகோ

அன்புள்ள எஸ்.,

டாக்டர் சொன்னது சரிதான். மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, இரு கரோலினாக்கள் என்று நீளும் அந்தப் பகுதியில், பி.பி.யின் பெரிய விளைவான பக்கவாதத்தால் சாவு அதிகம் என்பது 1960களிலேயே தெரிந்த விஷயம். 'ஸ்ட்ரோக் பெல்ட்' என்றே பெயர். கிளம்பிப் போனவர்களையும் அது விடவில்லை. நியூயார்க்கில் வாழ்ந்தவர்களின் மரணக் கணக்கை 1996இல் ஓர் ஆய்வு பிறந்த இடம் வாரியாகப் பிரித்துப் பார்த்தது. தெற்கே பிறந்த கறுப்பின மக்கள் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறந்தது, வடகிழக்கிலேயே பிறந்த கறுப்பின மக்களைவிட அதிகம். கரீபியத் தீவுகளில் பிறந்து வந்தவர்களிடமோ தெற்கத்தியரைவிட மிகக் குறைவு. எல்லோரும் ஒரே இனம், இருந்ததும் ஒரே நகரம். அதனால் 'அது அவங்க ரத்தத்திலேயே இருக்கு' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அப்படியென்றால் பிறந்த ஊர் எதைக் கொடுத்து அனுப்புகிறது? ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க உதவும் சிறுநீரகத்தைப் பாருங்கள். அதன் வடிகட்டிகளான நெஃப்ரான்கள் தாயின் வயிற்றிலேயே உருவாகி முடிந்துவிடும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதற்கப்புறம் புதிதாக ஒன்றுகூட வராது. விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களில் அவற்றை எண்ணிய ஜெர்மன் ஆய்வு ஒன்று 2003இல் வந்தது. பி.பி. இருந்த பத்துப் பேருக்கு, ஒரு சிறுநீரகத்தில் சுமார் 7 லட்சம். இல்லாத பத்துப் பேருக்குச் சுமார் 14 லட்சம். எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு நெஃப்ரான்கள் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் கால மிசிசிப்பியில், பருத்திக்காட்டில் விளைச்சலின் ஒரு பங்குக்காக உழைத்த கறுப்பினத் தாய்க்கு வயிறார என்ன கிடைத்திருக்கும்? எந்த ஆஸ்பத்திரி அவளை மரியாதையாக உள்ளே விட்டிருக்கும்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

அப்புறம் நாக்கு. பொரித்த கறி, உப்பேற்றிய பன்றி இறைச்சி, சர்க்கரை கொட்டிய டீ என்று சின்ன வயதில் பழகிய ருசி சிகாகோவுக்கும் கூடவே வரும். கறுப்பினத்தவருக்குக் கூடுதலாக பி.பி. வரும் காரணங்களில் இந்தச் சாப்பாட்டு முறைக்கே பெரிய பங்கு என்று 2018இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது.

நீங்கள் கேட்ட ராணுவமும் காரணமாக இருக்கலாம், அதை நான் ஒதுக்கவில்லை. வியட்நாமில் காடுகளை அழிக்கத் தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்ச்' களைக்கொல்லிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் உண்டு என அமெரிக்க தேசிய அகாதமிகள் 2018இல் அறிவித்தன.

பிறந்த ஊரைச் சொல்லி அவர் மனம் தளர வேண்டாம். மாத்திரை உயிரைக் காக்கும் என்று முதலில் நிரூபித்ததே முன்னாள் ராணுவத்தினரை வைத்துத்தான். 1967இல் வெளிவந்த அந்த ஆய்வில் கடுமையான ரத்த அழுத்தம் உள்ள 143 ஆண்கள் இருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 70 பேரில் 27 பேருக்குப் பெரிய பாதிப்பு வந்தது. மருந்து சாப்பிட்ட 73 பேரில் இரண்டே பேருக்குத்தான்.

ஒன்றை மட்டும் அவரிடம் கட்டாயம் கேளுங்கள். 1962 ஜனவரிக்கும் 1975 மே மாதத்துக்கும் இடையில் வியட்நாமில் பணியாற்றியிருந்தால், 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய ரத்த அழுத்தம் போர்ப்பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். காரணத்தை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. முன்பு உதவித்தொகைக்கு மனு போட்டு அரசு மறுத்திருந்தாலும் மறுபடி போடலாம். அங்கீகாரம் பெற்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள் காசு வாங்காமல் மனு எழுதிக் கொடுப்பார்கள்.