டிரில் மாட்டி ஜாக் சுற்றலாமா?

கேள்வி: டெக்சஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். சமீபத்தில் 24 அடி டிராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் முகாம் வீடு) ஒன்று வாங்கினோம். நான்கு மூலையிலும் சிசர் ஜாக், அதாவது கத்தரிக்கோல் போல விரிந்து மடங்கும் முட்டுக்கால். ஒவ்வொரு முகாமிலும் குனிந்து உட்கார்ந்து கிராங்க் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை போய்விடுகிறது. வீட்டில் இருக்கும் கார்ட்லெஸ் டிரிலை மாட்டிச் சுற்றலாமா? டீலரைக் கேட்டால், "டிரில் போட்டால் வாரண்டியே போய்விடும், எலெக்ட்ரிக் ஜாக் மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார். என் மைத்துனரிடம் ஒரு பாப்-அப் கேம்பர் (கூரையைத் தூக்கி விரிக்கும் கூடார வண்டி) இருக்கிறது. அதற்கும் இதே டிரில் சரிவருமா?

பதில்: தாராளமாகச் சுற்றலாம். ஜாக் உடைவது டிரிலை மாட்டியதால் அல்ல, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாததால். ஜாக்கின் பாதம் தரையைத் தொடும் வரை டிரில், அதற்கு மேல் கை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான சிக்கல் வராது.

ஏன் கை என்றால், இந்த ஜாக்குகள் வண்டியைத் தூக்குவதற்கானவை அல்ல. ஆடும் மேசைக்காலின் அடியில் அட்டையை மடித்து வைக்கிறோமே, அவ்வளவுதான் இதன் வேலை. வண்டியின் பாரத்தை டயரும், முன்பக்க இணைப்புத் தண்டில் இருக்கும் டங் ஜாக்கும் தாங்க வேண்டும். கையால் சுற்றும்போது இறுக்கம் ஏறுவது தோளுக்கே தெரிந்துவிடும், அங்கே நிறுத்திவிடுவீர்கள். டிரிலுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு மூலையைத் தூக்கிக்கொண்டு போகும், சேசிஸ் (அடிச்சட்டம்) லேசாக முறுக்கிக்கொள்ளும். முதலில் காட்டிக்கொடுப்பது வாசல் கதவுதான். காலையில் நன்றாக மூடிய கதவு சாயங்காலம் மேல் ஓரத்தில் உரசினால், ஏதோ ஒரு மூலையில் அளவுக்கு மேல் சுற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அதனால் வரிசை மாறக்கூடாது. தாழ்ந்த பக்கத்து டயரைப் பலகையில் ஏற்றி, ரசமட்டம் வைத்து இடது வலது சமம் பாருங்கள். டயருக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். அப்புறம் வண்டியைக் காரிலிருந்து கழற்றி, டங் ஜாக்கால் முன் பின் சமம் செய்யுங்கள். நான்கு மூலைக்கும் கடைசியில்தான் வர வேண்டும்.

இனி டிரில். பெரும்பாலான சிசர் ஜாக்குகளில் முக்கால் அங்குல ஆறுபட்டைத் தலை இருக்கும். அதற்குச் சாதாரண முக்கால் அங்குல சாக்கெட்டும், அதை டிரிலின் சக்கில் பிடிக்கும் ஓர் அடாப்டரும் போதும். இதையே அழகான அட்டையில் ஒட்டி, 'ஆர்வி' (RV, இந்த மாதிரி வண்டிகளின் பொதுப்பெயர்) என்று இரண்டெழுத்தைச் சேர்த்து, விலையை ஏற்றி விற்பார்கள். டூல் கடையில் சில டாலருக்குக் கிடைப்பதை அங்கே போய் வாங்காதீர்கள். அடாப்டரின் தண்டு மட்டும் தடிமனாக இருக்கட்டும், மெல்லிய கால் அங்குலத் தண்டு இந்த வேலையில் முறிந்துபோகும்.

புது டிரில் வாங்கச் சொல்லியும் யாராவது கிளப்புவார்கள். '20 வோல்ட் மேக்ஸ்' என்று பெட்டியில் பார்த்துவிட்டு வீட்டிலிருக்கும் 18 வோல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டும் ஒன்றுதான். முழு சார்ஜில் சுமை இல்லாமல் அளந்தால் 20, வேலை செய்யும்போது 18. உங்களிடம் 18 இருந்தால் அதுவே போதும்.

மேலே இருக்கும் ஸ்விட்சை 1-க்குத் தள்ளுங்கள், அதுதான் மெதுவான, பலமான கியர். முன்னால் இருக்கும் வளையத்தை எண்களில் வையுங்கள். டிரில் பிட் படம் போட்ட இடத்தில் விட்டால், சுமை ஏறினால் சுற்றலைத் துண்டிக்கும் கிளட்ச் வேலையே செய்யாது, பலர் சறுக்குவது இங்கேதான். சின்ன எண்ணில் ஆரம்பியுங்கள். பாதம் தரையைத் தொட்டதும் மோட்டார் சத்தம் சட்டென்று கனக்கும். விரலை எடுத்துவிட்டு, கிராங்க்கை மாட்டிக் கையால் அரைச் சுற்றோ ஒரு சுற்றோ கொடுங்கள், அவ்வளவு போதும். மேலே ஏற்றும்போதும் இதே கதைதான். முழுவேகத்தில் உச்சிவரை கொண்டுபோய் இடித்தால் ஜாக் அங்கேயே இறுகிக்கொள்ளும், டிரிலும் எதிர்ப்பக்கம் திரும்பி மணிக்கட்டை முறுக்கிவிடும். கடைசிச் சுற்றுகள் எப்போதும் கைக்கு.

இம்பாக்ட் டிரைவர் வேண்டவே வேண்டாம். பக்கத்து சைட்காரர் டகடகவென்று அடித்து அரை நிமிடத்தில் முடிப்பதைப் பார்த்து ஆசை வரும். அது வெறுமனே சுற்றுவதில்லை, அடித்து அடித்துச் சுற்றுகிறது. ஒவ்வொரு அடியும் ஆறுபட்டையின் முனையை மழுக்கும், மரையைத் தின்னும். முனை மழுங்கிய தலையில் அப்புறம் கிராங்க்கும் பிடிக்காது. ஜாக்கை ஏற்ற முடியாமல் முகாமிலேயே மாட்டிக்கொண்டு நிற்பவர்களை நான் நிறையப் பார்த்தாயிற்று.

கால்வெஸ்டன், மஸ்டங் தீவு மாதிரி கடற்கரை மணலுக்குப் போனால் பாதத்துக்கு அடியில் அகலமான பலகை வையுங்கள். பலகை உயரமாக இருந்தால் ஜாக் கொஞ்சமாக நீண்டால் போதும், ஆட்டமும் குறையும். மரையில் மணல் ஒட்டியிருந்தால் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, உலர்ந்துபோகும் வகை லூப்ரிகண்ட் அடியுங்கள். கிரீஸ் பூசினால் மறுபடி மணல்தான் சேரும்.

வாரண்டிக்கு வருவோம். இதைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. 'வாரண்டி போய்விடும்' என்று வாயால் சொல்வார்கள், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் காட்ட மாட்டார்கள். எழுத்தில் கேளுங்கள். ஜாக்கின் கையேடு டிரில் கூடாது என்று சொல்லி, டிரிலால்தான் அது கெட்டது என்றால், அந்த ஜாக்குக்கு மறுக்கலாம், அது நியாயம். ஒரு மூலை ஜாக்கைக் காட்டி, ஒழுகும் கூரைக்கும் ஓடாத ஃப்ரிட்ஜுக்கும் சேர்த்துக் கையை விரிப்பதில் எந்த நியாயமும் இல்லை. 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம், எங்கள் பிராண்டு பொருளையே வாங்க வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடுவதையே தடுக்கிறது. எலெக்ட்ரிக் ஜாக் நல்ல பொருள்தான். தோள் உண்மையிலேயே முடியவில்லை என்றால் போடுங்கள், இப்படிப் பயமுறுத்தி விற்பவரிடம் மட்டும் போடாதீர்கள்.

கையேடும் ஒரு தலைவலி. ட்ரெய்லரோடு ஒரு பை நிறையப் புத்தகங்கள் கொடுப்பார்கள். ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, ஜாக்குக்கு மட்டும் இருக்காது. இத்தனை ஆயிரம் டாலர் வாங்குகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகத் தரக்கூடாதா? வேறு வழியில்லை, குனிந்து ஜாக்கில் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண்ணைப் படம் எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள்.

கடைசியாக மைத்துனரின் பாப்-அப். அதன் மூலை ஜாக்குகளுக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். கூரையைத் தூக்கும் கிராங்க்கில் மட்டும் டிரிலை மாட்ட விடாதீர்கள். இரண்டுக்கும் கிராங்க் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். பல பாப்-அப்களில் கூரைக் கிராங்க் சுற்றுவது ஒரு வின்ச்சை (கேபிளைச் சுருட்டும் உருளை), அது ஒரு கேபிளை இழுக்கிறது. அந்தக் கேபிள் வண்டிக்கு அடியில் கப்பிகள் வழியாக ஓடி, நான்கு மூலைக் கம்பங்களையும் ஒன்றாக உயர்த்துகிறது. ஒரு கப்பி சிக்கினாலும், ஒரு மூலையில் கூடாரத் துணி மாட்டினாலும், கை உடனே கனத்தை உணரும். டிரில் இழுத்துக்கொண்டே போகும்.

இங்கே கிளட்ச்சும் காப்பாற்றாது. மூலை ஜாக் தரையைத் தொடும் வரை கிட்டத்தட்டச் சுமையே இல்லை, தொட்டதும் சுமை எகிறும், கிளட்ச் அதைப் பிடித்துவிடும். கூரையோ முதல் சுற்றிலிருந்தே கனம். அதைத் தூக்கும் அளவுக்குக் கிளட்ச்சைக் கூட்டினால், உச்சியைத் தாண்டிக் கேபிளை இழுத்து அறுக்கும் பலமும் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அறுந்தால் ஒரு மூலையோ முழுக் கூரையோ இறங்கும், உள்ளே குழந்தைகள் இருக்கலாம். அதனால் கூரையைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். சரியான உயரத்தில் நான்கு கம்பங்களிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், கோடு தெரிந்ததும் நிறுத்திவிடலாம். ஒரு கம்பத்தில் மட்டும் கோடு பிந்தித் தெரிந்தால் அதற்கு மேல் சுற்றாமல் இறக்கிவிட்டு, கேபிளில் இழை பிரிந்திருக்கிறதா என்று அடியில் பார்க்க வேண்டும்.