கண்டல் கேட்கும் மண்

கேள்வி: அராலியில் கடல்நீரேரிக் கரையோரம் எங்கள் சனசமூக நிலையத்தினர் கடந்த மார்கழியில் இருநூறு கண்டல் நாற்றுகள் நட்டோம். ஆவணிக்குள் அத்தனையும் பட்டுவிட்டன. பத்தடி தள்ளிக் கண்ணா மரம் செழித்து நிற்கிறது. தண்ணீர் ஒன்றுதானே, பிழை எங்கே?
(வாசகர் ஒருவர், அராலி)

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தை நெடுநேரம் பார்த்தேன். பட்ட நாற்றின் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதுதான் விடை.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. நமது பரவைக்கடல், அதாவது இந்தக் கடல்நீரேரி, ஆழமற்றது. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஓரத்து மண்ணின் நீர் வற்ற, உப்பு மட்டும் தங்கிக் கடலைவிடக் கரித்துவிடும். வற்றுப்பெருக்கு, அதாவது கடல் ஏறி இறங்கும் நீர், வந்து கழுவவேண்டும். ஆனால் இலங்கைக் கரையில் அது ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. நிலம் நான்கு விரல் மேடாக இருந்தாலே நாட்கணக்கில் நீர் ஏறாது. உங்கள் நாற்றுகள் நின்றது அப்படியொரு மேட்டில்.

கண்டல் உப்பை வேரிலேயே தடுக்கும் மரம். அதற்கு அடிக்கடி நீர் ஏறும் இளகிய சேறு வேண்டும். கண்ணாவோ உள்ளே புகுந்த உப்பை இலை வழியே கக்கிவிடும். சிறுவயதில் ஆட்டுக்குக் கண்ணாக் குழை ஒடித்து வருவேன். வீடு சேர்வதற்குள் உள்ளங்கையில் உப்பு பொருபொருவென்று ஒட்டியிருக்கும். அதனால்தான் யாழ்ப்பாணத்துக் கரைகளில் கண்ணாவே மிகுதி.

ஒருநாள் மண்வெட்டியோடு போய், கண்ணாவின் அடியில் முழங்கை ஆழம் தோண்டுங்கள். கரிய சேறு, கூழ்முட்டை நாற்றம்: காற்று இல்லாத மண். ஆனால் பென்சில் போல மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்களால் காற்று உள்ளே இறங்குகிறது. புதைந்த வேரைச் சுற்றி மெல்லிய துருநிறம் தெரிந்தால், அது அந்தக் காற்று கசிந்த தடம். எனக்கு இன்றும் அதைப் பார்க்க அலுப்பதில்லை. கரையிலிருந்து உள்ளே தள்ளி, இறுகிய நிலத்தில் தில்லை மரம் நிற்கும். அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனம் உடையவேண்டாம். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டற்காடு வளர்க்க நாற்று நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை, 9 இடங்களில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்றது.

உங்கள் படத்தின் ஓரத்தில் வீதிக்குக் கீழே ஒரு மதகு தெரிகிறது, குப்பை அடைத்துக் கிடக்கிறது. மாரிக்கு முன் அதைத் திறந்துவிடுங்கள். நீர் ஏறி இறங்கினால் கண்ணா விதை மிதந்து தானே வரும். கண்டல் ஐம்பது போதும். மதகு வாயில், கால் புதையும் சேற்றில் மட்டும் நடுங்கள்.