இன்க்ரிமென்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம். புதிய வரி முறையில் இருப்பதால் இதுவரை வரி இல்லை. இப்போது 25,000 ரூபாய் கூடுகிறது. அதனால் 63,750 வரி வரும், வேண்டாம் என்று சொல்லிவிடு என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். ஓர் ஏஜென்ட், வரியையே இல்லாமல் செய்து தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள். வேறு வருமானம் இல்லை என்று வைத்துச் சொல்கிறேன். 13 லட்சத்தில், சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 போக, வரிக்குரியது 12.25 லட்சம். ஸ்லாப்படி, அதாவது வருமானப் படிநிலைகளின் வீதப்படி போட்டால் நண்பர் சொன்ன 63,750 வரும்தான். ஆனால் வரிக்குரியது 12 லட்சம் வரை என்றால் வரி முழுவதும் தள்ளுபடி; அதைச் சற்றே தாண்டியவருக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி வாங்கக் கூடாது என்று ஒரு சலுகை இருக்கிறது. ஆக 25,000 வரி, அதன் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் வரி) 1,000. கூடிய 25,000 வரிக்கே போக, உங்கள் கையிலிருந்து போவது அந்த ஆயிரம்தான்.

கூட்டிக் கொடுத்த சம்பளம் முழுவதையும் பிடுங்குவதற்குப் பெயர் சலுகை! ஸ்லாப் என்றால் படிப்படியாக ஏற வேண்டும். நடுவில் தள்ளுபடி என்று ஒரு சுவரை எழுப்பிவிட்டு, முட்டிக்கொண்டவனுக்கு மருந்து தடவுகிறார்கள். 2025 பட்ஜெட்டின் இந்த மாற்றங்களால் அரசுக்குச் சுமார் 1 லட்சம் கோடி வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். 12 லட்சக்காரருக்கு 80,000 மிச்சம், 24 லட்சக்காரருக்கு 1,10,000. மாதம் 20,000 வாங்கும் கடைப் பணியாளர் முன்பும் வருமான வரி கட்டவில்லை. அவருக்கு இதில் ஒன்றுமில்லை. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் ஜிஎஸ்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சரி, உங்களுக்கு ஒரு வழி. அந்த 25,000-ஐ சம்பளமாகத் தராமல், நிறுவனத்தின் பங்காக என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் போடச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு, வரி பழையபடி பூஜ்யம். நன்றாகக் கவனியுங்கள்: நிறுவனம் போட வேண்டும். சம்பளத்தை வாங்கி நீங்களே போய்க் கட்டினால் புதிய முறையில் கழிவு கிடையாது. ரசீதைத் தூக்கிக்கொண்டு மார்ச் மாதம் என்னிடம் வருபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். பணம் நீண்ட காலம் முடங்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த ஏஜென்ட். இவர்கள் பல கழிவுகள் உள்ள பழைய வரி முறைக்கு மாற்றி, இல்லாத வீட்டு வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை என்று எழுதி, வரும் ரீஃபண்டில் பங்கு கேட்பார்கள். மாட்டினால் வரியோடு, அதைப் போல் இரண்டு மடங்கு அபராதமும் வட்டியும் உங்கள் தலையில்தான். நோட்டீஸ் வந்ததே தெரியாது, ஏனென்றால் வருமான வரி போர்ட்டலில் ஏஜென்ட் தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் பதிந்து வைத்திருப்பார். பாஸ்வேர்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிட்டு, உங்கள் பெயருக்கு நேரே யாருடைய கைபேசி எண் இருக்கிறது என்று பாருங்கள்.