கொசுவை விடுங்கள், மற்றதைக் கேளுங்கள்

எச்.ஐ.வி. பற்றி எதையும் கேட்கலாம், பெயர் போட மாட்டோம் என்று சென்ற இதழில் ஆசிரியர் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தார். வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் கொசு. மிச்சத்தில் பாதி முடிதிருத்தகம். முதலில் அந்த இரண்டையும் முடித்துவிடுகிறேன். கொசு குடித்த ரத்தம் அதன் வயிற்றில் செரித்துப்போகும். அடுத்த ஆளைக் கடிக்கும்போது அது உள்ளே விடுவது தன் எச்சிலைத்தான். இந்தக் கிருமி கொசுவுக்குள் பெருகவும் செய்யாது. சவரக் கடையில் புது பிளேடு கேளுங்கள், பல தொற்றுக்கும் அது நல்லது. அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருடம் ரத்தம் எடுத்தவன் நான். கொசுவைப் பற்றிக் கேட்கிறவர் பலருக்கு மனதில் இருப்பது கொசு இல்லை. 'கொசு கடிச்சா வருமா சார்?' என்று தொடங்குவார், கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். இந்தத் தடவை முதல் வரியிலேயே விஷயத்துக்கு வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி, நான் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போகிறவன். வெளிமாநிலத் துறைமுகம் ஒன்றில் கரை பிடித்தபோது தப்பு செய்துவிட்டேன். உறை போடவில்லை. பத்தாம் நாள் ஒரு லேபில் பார்த்தேன், நெகட்டிவ். இப்போது ஊருக்கு வந்துவிட்டேன். மனைவியோடு பழையபடி இருக்கலாமா?
– பெயர் வேண்டாம், தூத்தூர்

இப்போது வேண்டாம், மக்களே. பத்தாம் நாள் நெகட்டிவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வலையை இறக்கிய மறு நிமிடமே இழுத்துப் பார்த்துவிட்டு, இந்தக் கடலில் மீனே இல்லை என்பீர்களா?

விரலில் குத்திச் செய்கிற விரைவுச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உங்கள் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் அது பார்க்கிறது. உடம்பு அதை உண்டாக்க நாள் பிடிக்கும். அதுவரை உள்ளே கிருமி இருந்தாலும் சோதனை அட்டையில் நெகட்டிவைக் காட்டும் ஒற்றைக் கோடுதான் விழும். எதிர்ப்பொருளோடு கிருமியின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஆய்வக முறை ஒன்று உண்டு. நரம்பில் ரத்தம் எடுத்து அப்படிச் செய்தால் 45 நாள் கழிந்த நெகட்டிவை நம்பலாம். விரல் குத்துச் சோதனை என்றால் 90 நாள். அந்த ராத்திரியிலிருந்து எண்ணுங்கள். அந்த நாள் வரை உறை இல்லாமல் மனைவியை நெருங்க வேண்டாம், ரத்த தானமும் வேண்டாம். இடையில் காய்ச்சல் வந்தால் அதுதான் என்றும், வராவிட்டால் தப்பித்தேன் என்றும் நீங்களாக முடிவு கட்டாதீர்கள். இரண்டுமே பொய்த்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு நாள் கடந்துவிட்டது, ஆனாலும் உங்கள் படகில் இருக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். இப்படி ஒரு சம்பவம் நடந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சொன்னால் தடுப்பு மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

இது புத்தகத்தில் படித்துச் சொல்வது அல்ல. 2005-ல் எனக்கே ஊசி குத்திவிட்டது. ரத்தம் எடுத்து முடித்து, பழக்க தோஷத்தில் ஊசிக்குத் திரும்ப மூடி போட்டேன். மூடி போடவே கூடாது என்று பயிற்சி மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பவன் நான். கையுறைக்குள் பெருவிரலில் ஒரு சிவப்புப் பொட்டு. அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட 1000 குத்தலில் ஏறக்குறைய 3-ல்தான் தொற்றும் என்பதும் தெரியும். தெரிந்து என்ன, கை நடுங்கியது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே நின்றேன். இரண்டு மணி நேரத்தில் முதல் மாத்திரை. அன்றைய மாத்திரைகள் வயிற்றைப் புரட்டும். மரச்சீனியும் மீன்குழம்பும் வாசம் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன். மனைவியிடம் அன்று ராத்திரியே சொன்னேன். ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று மூன்று தடவை பார்த்து, மூன்றும் நெகட்டிவ்.

என்னுடையது வேலையில் வந்த விபத்து, சொல்வது எளிது. உங்களுடையது அப்படியில்லை என்பது புரிகிறது. இருந்தாலும் சொல்லிவிடுங்கள் என்பதே என் பக்கம். தனியாகச் சொல்ல நாக்கு எழவில்லை என்றால், எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தருகிற அரசு நம்பிக்கை மையத்து ஆலோசகர் முன்னால் வைத்துச் சொல்லலாம். அவர்கள் இருப்பதே இதற்காகத்தான்.

முந்திரி ஆலையில் வேலை. என் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பு உடைக்கிற அக்காவுக்கு அந்த நோய் இருப்பதாகச் சொல்கிறார்கள். தோட்டின் எண்ணெய் பட்டு எங்கள் எல்லார் கையும் பொத்துத்தான் கிடக்கும். ஒரே குவியலில் கை வைக்கிறோம். எனக்கு வந்துவிடுமா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

வராது பிள்ளே. கையைப் பார்த்து நீங்கள் பயப்படுவது நியாயம். முந்திரித் தோட்டின் எண்ணெய் தின்ற கையில் ரத்தம் எடுக்க விரல் தேடி நான் பட்ட பாடு எனக்குத் தெரியும், கறுத்து உரிந்து ரேகையே இருக்காது. ஆனால் இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. பருப்பில் ஒட்டி, தோட்டில் ஒட்டி அடுத்தவர் கைக்குப் போகாது. அது பரவும் வழிகள் குறைவு: உறையில்லா உடலுறவு, சோதிக்காத ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து பிள்ளைக்கு. ஒரே தட்டு, ஒரே கக்கூஸ், ஒரே சாயா கிளாஸ் எதிலும் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அக்கா தினம் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருந்து வந்தால் உடலுறவின் வழியாகக்கூட அவரிடமிருந்து யாருக்கும் பரவாது. கட்டின புருஷனுக்கே வராதபோது பக்கத்து மணையில் இருக்கிற உங்களுக்கு எங்கிருந்து வரும்? மருந்து இப்போது ஒரே மாத்திரை, அதற்குள் மூன்று மருந்து, நாளுக்கு ஒருதடவை, அரசில் இலவசம். 2004 ஏப்ரலில் இலவச மருந்து தொடங்கும்வரை, பாசிட்டிவ் என்று அறிக்கை எழுதிவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. அந்த நிலைமை போய் இருபது வருடம் தாண்டியாச்சு. ஆலையில் இன்னும் 'அந்த நோய்' என்றே பேசுகிறார்கள்.

'சொல்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது யார்? ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் சமையலுக்கு இருந்தேன். பையிலிருந்து மாத்திரை டப்பா விழுந்து மேலாளர் பார்த்துவிட்டார். நாளை முதல் வர வேண்டாம் என்றார். 'சாப்பாட்டுத் தொழில், விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள்' என்றார். நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், அகஸ்தீஸ்வரம் தாலுகா

விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள் என்பது சட்டத்தில் காரணமே இல்லை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்றால் முதலாளி இரண்டு காகிதம் தர வேண்டும். நீங்கள் அந்த வேலைக்குத் தகுதி இல்லை, அல்லது உங்களால் அங்கே மற்றவருக்குத் தொற்ற உண்மையான ஆபத்து இருக்கிறது என்று சம்பந்தமில்லாத தகுதியுள்ள மருத்துவர் எழுதித் தந்த மதிப்பீடு ஒன்று. உங்களுக்கு ஏற்ற வசதி செய்து தர முடியாதபடி தனக்கு என்ன சிரமம் என்று முதலாளியே எழுதித் தரும் விளக்கம் மற்றொன்று. சமையல்காரர் சமைத்த சோற்றில் எச்.ஐ.வி. பரவும் என்று எழுதித் தர எந்த மருத்துவர் கையெழுத்துப் போடுவார்?

வாய்வார்த்தையில் போகச் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள், கேட்டதற்குச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். செய்தி அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள். இந்தச் சட்டத்துக்காக மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம். 30 நாளில் அவர் உத்தரவு போட வேண்டும். உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், அதற்கு மேலும் இழுத்தடித்தால் நாளுக்கு 5,000 வரை. நீதிமன்றம் போனால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்று பயமா? பெயரை மறைத்துப் புனைபெயரில் வழக்கு நடத்தவும், மூடிய அறையில் விசாரிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நீங்கள் ஆணா பெண்ணா என்று கடிதத்தில் இல்லை. பெண் என்றால் வருமானம் பார்க்காமலே அங்கே இலவச உதவி கிடைக்கும்.

வாடகை வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். வேலையில் சேர எச்.ஐ.வி. சோதனை செய்துவா என்று கேட்பதும் கூடாது. நோயில்லாமல், நோயுள்ளவரோடு ஒரே வீட்டில் இருப்பவரை ஒதுக்கினாலும் சட்டப்படி தப்புதான்.

நாலு மாதம் கர்ப்பம். எனக்குப் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். பிள்ளைக்கும் வருமா? அவருக்கு எப்படிச் சொல்ல?
– தக்கலை

முதலில் உங்கள் மாத்திரை, அதை இன்றே தொடங்குங்கள், மகளே. மருந்து எடுக்காவிட்டால் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 வரை தொற்றலாம். ஒழுங்காக எடுத்தால் அது 5-க்கும் கீழே போகும். பிரசவம் மருத்துவமனையில்தான். இதற்காக மட்டும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. பிறந்த உடனே பிள்ளைக்கு ஒரு சொட்டு மருந்து தொடங்கி, குறைந்தது 6 வாரம் கொடுப்பார்கள். 6 மாதம் தாய்ப்பால் மட்டும். இங்கேதான் கரச்சல் வரும். மாமியார் தேன் தொட்டு நாக்கில் வைக்க வருவார், யாரோ பசும்பால் ஒரு சங்கு என்பார்கள். கலந்து கொடுத்தால் பிஞ்சுக் குடலின் உள்தோல் புண்ணாகி, கிருமிக்கு வழி கிடைக்கும். 'டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார்' என்று ஒரே வரி சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி முதல் சோதனை, 18-ஆம் மாதத்தில் கடைசிச் சோதனை.

கணவர் விஷயம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. அவருக்கு நெகட்டிவாகவும் இருக்கலாம். அதனால் போனில் சண்டைக்கு நிற்காதீர்கள், குற்றப்பத்திரிகை வாசிக்க விடவும் வேண்டாம். அங்கே விசாவுக்காக எடுக்கும் ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தால் வேலையனுமதி போய்த் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் சட்டம் அந்தக் கரைக்குப் போகாது. எனவே விடுப்புச் சொல்லிச் சீக்கிரம் வந்து இங்கே பார்ப்பதே நல்லது. வந்த பிறகு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் கையோங்குகிற ஆள் என்றால் அதை ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சோதனை எடுக்க வேண்டும். உள்ளூரில் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள். திருவனந்தபுரம் போகட்டுமா?
– குழித்துறை

போங்கள், தடையில்லை. ஆனால் இப்படிக் களியக்காவிளை தாண்டிப் போன ஒருவர், அங்கே வரிசையில் தன் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என்னிடமே கை நீட்டினார். இரண்டு பேரும் பஸ் காசை வீணாக்கியதுதான் மிச்சம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஆள்களும் உண்டு, அவர்களைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கிறது. காசு கிடையாது. முதலில் ஆலோசகர் பேசுவார், உங்கள் சம்மதம் வாங்கிய பிறகுதான் ஊசி. விரல் நீள வெள்ளை அட்டையில் ஒரு சொட்டு ரத்தம், மேலே இரண்டு சொட்டு மருந்து. இளஞ்சிவப்பாக ஒரு நிறம் மெல்ல நகர்ந்து போகும். ஒரு கோடு எப்படியும் விழும், அட்டை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. இரண்டாவது விழுந்தாலும் உடனே பாசிட்டிவ் என்று எழுத மாட்டோம். வேறு வேறு வகையான இன்னும் இரண்டு கருவியில் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் எழுதுவோம். முடிவு உங்கள் கையில் மட்டும். போகும் முன் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் 1097-க்குப் போன் போடுங்கள், கட்டணமில்லை.

வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. புட்டும் பயறும் தின்று, சாயா குடித்துவிட்டே போங்கள். பயத்தில் மயங்கி விழுகிறவர்களைத் தாங்கிப் பிடித்து எனக்கு இடுப்பு போய்விட்டது.