என் மகன் என்னோடு நடக்க மறுக்கிறான்

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 46. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பதினேழு வருடமாக மனைவியோடு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருக்கிறேன். பதின்மூன்று வயதில் ஒரு மகன். டிசம்பர் கடைசியிலிருந்து எங்கள் வீட்டில் சரியான பேச்சுவார்த்தை இல்லை. காரணத்தைக் கேட்டால் இதெல்லாம் ஒரு விஷயமா என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் தினமும் கில்ட் கட்டுகிறேன். ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், முழங்கால் வரை வரும், கட்டம் போட்ட கொசுவ உடை அது.

ஸ்காட்லாந்துக்காரர்கள் எப்போதும் கில்ட்டோடுதான் திரிவார்கள் என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கல்யாணம், பட்டமளிப்பு, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸை நினைவுகூரும் ஜனவரி 25 பர்ன்ஸ் இரவு, ரக்பி மேட்ச் என்றால்தான் எடுப்பார்கள். அதையும் பலர் வாடகைக்கு வாங்குவார்கள். இரண்டு வருடம் முன்பு அலுவலக நண்பரின் கல்யாணத்துக்கு நானும் அப்படி வாங்கித்தான் கட்டினேன். அன்றைக்கு நான் நடந்த நடையே வேறு. இடுப்பில் கனமான கம்பளித் துணி இறுகப் பிடிக்கும்போது முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. அப்புறம் பணம் சேர்த்து, கையால் தைக்கும் ஒரு அம்மாவிடம் எட்டு கஜத் துணியில் எனக்கென்று ஒன்று தைத்துக்கொண்டேன். கரும்பச்சையும் நீலமும் கலந்த ‘பிளாக் வாட்ச்’ கட்டம். இங்கே பல கட்டங்கள் ஒவ்வொரு குலத்துக்கும் உரியவை; ஆனால் இதற்கு எந்தக் குலத்து உறவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் உடுத்தலாம் என்று அவர்தான் சொன்னார். பஸ்ஸில் உட்காரும் முன் பின்பக்கக் கொசுவத்தைப் புறங்கையால் ஒருமுறை தடவிச் சேர்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவரே. இல்லாவிட்டால் மடிப்பெல்லாம் கசங்கிவிடும். இப்போது அது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

வெளியே பலவிதமாக நடக்கிறது. “இன்றைக்கு யாருக்குக் கல்யாணம்?” என்று பஸ் நிறுத்தத்தில் கேட்பார்கள். புக்கானன் தெருவில் சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கக் கூப்பிடுவார்கள். ஒரு பெரியவர் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, “நல்ல நெசவு” என்றார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். ஒரு முறை ஒரு பையன் என் நிறத்தைச் சொல்லிக் கத்திவிட்டு ஓடினான். உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். டிசம்பரில் அலுவலகக் கிறிஸ்துமஸ் விருந்தில், குடித்திருந்த ஒரு பெண் பின்னாலிருந்து கில்ட்டைத் தூக்கிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து வேடிக்கையாகச் சொன்னேன், மனைவி சிரிக்கவில்லை. சரி, அது போகட்டும்.

நம் ஆட்கள் பேசுவதுதான் தாங்க முடியவில்லை. பொங்கலுக்கு ஒரு நண்பர் வீட்டுக்குப் போனபோது, “வேட்டி கட்டக் கூச்சப்படுறவன் பாவாடை கட்டிட்டு வந்துட்டான்” என்றார் ஒருவர். என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது காரில் ஒன்றே ஒன்று சொன்னாள்: “பதினேழு வருஷமா இந்த ஊர்ல யார் கண்ணுலயும் படாம இருந்துட்டோம். நீங்க ஏன் வலியப் போய் எல்லார் கண்ணுலயும் விழுறீங்க?”

போன மாதம் மகனின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. “அன்னிக்கு மட்டும் பேன்ட் போட்டுட்டு வாங்கப்பா” என்றான். ஸ்காட்லாந்தில் இருந்துகொண்டு ஸ்காட்லாந்து உடைக்கு வெட்கப்படுவதா என்று அவனைத் திட்டிவிட்டு, கில்ட்டோடுதான் போனேன். அதிலிருந்து கடைக்குக்கூட என்னோடு வர மறுக்கிறான். வந்தாலும் பத்தடி பின்னால்தான் வருகிறான்.

எனக்குப் பிடித்த உடையை உடுத்த எனக்கு உரிமை இல்லையா? இவர்களுக்காக விட்டுவிட வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கிளாஸ்கோ

அன்புள்ள கிளாஸ்கோ வாசகருக்கு,

உரிமை உண்டு. அதில் சந்தேகமே வேண்டாம். எந்தக் கட்டத்தை யார் உடுத்தலாம் என்பதெல்லாம் வழக்கம்தான், சட்டம் இல்லை. அந்த உடையின் கதையைப் பார்த்தால், ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டாரில் பலர் சேர்ந்த கிளர்ச்சி கலோடன் போரில் தோற்ற பிறகு, 1746இல் பிரிட்டிஷ் அரசு அந்த மலைநாட்டு உடையையே தடை செய்தது. இரண்டாம் முறை பிடிபட்டால் ஏழு ஆண்டு நாடு கடத்தல். தடை நீங்கியது 1782இல். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நடத்திய விழாவுக்குப் பிறகுதான், அதுவரை அதை மலைநாட்டாரின் உடை என்று ஒதுக்கிய சமவெளி ஸ்காட்லாந்துக்காரர்களும் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களே பின்னால் வந்து ஏற்றுக்கொண்ட உடையை நீங்கள் ஏற்றுக்கொள்வதில் ஒரு தவறும் இல்லை. பொங்கல் வீட்டு நண்பரின் பேச்சையும் பெரிதாக எடுக்காதீர்கள். சென்னையில் 2014இல் ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியை, வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக ஒரு கிளப்பின் வாசலிலேயே நிறுத்தினார்கள். வேட்டிக்காக அதே ஆண்டு தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அடுத்தவர் உடையைக் கேலி செய்ய நம்மிடம் பெரிய தகுதி இல்லை.

ஆனால் உங்கள் மனைவியும் மகனும் உங்கள் உரிமையைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர்கள் கேட்டது வேறு. அதற்கு முன்னால், நீங்கள் “அது போகட்டும்” என்று தாண்டிய இடத்துக்கு நான் திரும்ப வேண்டும்.

விருந்தில் நடந்ததை நான்கைந்து சிறு வரியில் முடித்துவிட்டீர்கள். வீட்டில் பேச்சு நின்றதும் டிசம்பர், அந்த விருந்தும் டிசம்பர். இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. சேலை கட்டிய ஒரு பெண்ணுக்கு, எல்லோரும் பார்க்க, ஒரு ஆண் இப்படிச் செய்திருந்தால் அந்த அறையில் யாராவது சிரித்திருப்பார்களா? உங்களுக்கு நடந்ததும் அதேதான். ஆடைக்கு அடியில் கேமராவை நீட்டிப் படமெடுப்பதை ஸ்காட்லாந்து 2010இலேயே குற்றமாக்கியது. அது கில்ட் கட்டியவருக்கும் பொருந்தும். அப்படியிருக்க, கையால் தூக்குவது விளையாட்டாகிவிடாது. 2017இல் இன்வர்னஸ் நகரில் ஒரு மதுக்கூடத்தில், வருகிறவர்கள் கில்ட்டைத் தூக்குகிறார்கள் என்பதற்காகவே பணியாளர்கள் பேன்ட்டுக்கு மாறினார்கள். இது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை.

நீங்கள் சிரித்ததற்காக வெட்கப்பட வேண்டாம். திடீரென்று அவமானம் நேரும்போது உடம்பு உறைந்துபோகும், முகம் தானாகச் சிரிக்கும். என்னிடம் வரும் பலர், பெண்களும் ஆண்களும், “நானும் சிரித்துவிட்டேனே, இனி எப்படிக் குறை சொல்வது” என்று அதையே தங்களுக்கு எதிரான சாட்சியாக வைத்துக்கொள்கிறார்கள். சிரிப்பு சம்மதம் ஆகாது. அலுவலகத்தில் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. எதுவானாலும் நான் உங்கள் பக்கம்தான். வாராவாரம் வரும் அந்தக் கேள்விக்கும் நீங்கள் சிரித்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. “அதை என்னிடம் கேட்காதீர்கள்” என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

இப்போது உங்கள் மனைவி. அவர் கில்ட் அழகாக இல்லை என்று சொல்லவில்லையே. யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டோம் என்றார். வேற்று நாட்டில் குடியேறிய பலர் அப்படித்தான் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள். பஸ்ஸில் மெதுவாகப் பேசுவது, பளிச்சென்று உடுத்தாமல் இருப்பது, யாராவது முறைத்தால் பார்க்காதது போல் நடப்பது. பதினேழு வருடம் இருவரும் சேர்ந்து கட்டிக் காத்த வேலி அது. அதை நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தாண்டிவிட்டீர்கள். உங்களுக்கு அது விடுதலையாக இருந்திருக்கும். அவருக்கு, நிறத்தைச் சொல்லிக் கத்திய பையனும் விருந்தில் நீண்ட கையும்தான் கண்ணில் நிற்கின்றன. தன் கணவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அது. அதை நீங்கள் கேலிக்குக் கூசுவதாகப் புரிந்துகொண்டீர்கள். விருந்தில் நடந்ததை இந்த முறை வேடிக்கை சேர்க்காமல், நடந்தது நடந்தபடி அவரிடம் சொல்லுங்கள். பிறகு, “உனக்கு எங்கே பயமாக இருக்கிறது?” என்று கேளுங்கள். இரவு பஸ் என்று சொல்லலாம், சனிக்கிழமை ராத்திரி நகர மையம் என்று சொல்லலாம். அந்த இடங்களில் அவர் சொல்வதைக் கேட்பதால் கில்ட் உங்களை விட்டுப் போய்விடாது.

மகன் விஷயத்தில் தவறு உங்களுடையது. மன்னியுங்கள், வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. பதின்மூன்று வயதில் உலகமே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967இல் இதற்கு ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்று பெயர் வைத்தார். அந்த வயதில் அப்பா கோட் சூட் போட்டு வந்தாலும் கூச்சம்தான். உங்கள் மகனோ ஒரே ஒரு நாள் கேட்டான், அதுவும் கெஞ்சிக் கேட்டான். நீங்கள் அதை ஸ்காட்லாந்தின் மானப் பிரச்சினை ஆக்கிவிட்டீர்கள்.

அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். நீளமாக வேண்டாம், கார் ஓட்டும்போது ஒரு வரி போதும். அவனுடைய பள்ளி, அவனுடைய மேட்ச், அவன் நண்பர்கள் வரும் நாள், இவை அவன் இடங்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அங்கெல்லாம் பேன்ட். மற்ற இடங்களில் உங்கள் விருப்பம். இதற்குப் பதிலாக அவனிடமிருந்து எதையும் எதிர்பார்க்காதீர்கள், கில்ட்டின் வரலாற்றையும் இப்போது சொல்லிக்கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை பள்ளிக்குக் கூப்பிட்டால் பேன்ட் போட்டுக்கொண்டு போங்கள். அப்போதும் அவன் கொஞ்சம் தள்ளித்தான் நடப்பான். எத்தனை அடி என்று எண்ணாதீர்கள்.