தனியார் என்றால் காசு கொடுத்து வாங்கும் சீட்டா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இயற்பியலில் நல்ல ஆர்வம். சரித்திரப் புத்தகங்களையும் விடாமல் வாசிப்பாள். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். விசாரித்தால் அது தனியார் பல்கலைக்கழகமாம். காசு கட்டினால் யாருக்கும் சீட் கிடைக்கிற இடத்தின் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறார் என் கணவர். அங்கே இன்ஜினீயரிங் படிக்கலாமா? செலவு எவ்வளவு ஆகும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, உங்கள் கணவர் மேல் தப்பில்லை. நம்மூரில் 'தனியார் கல்லூரி' என்றதுமே மேனேஜ்மென்ட் கோட்டாவும் டொனேஷனும்தானே நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவில் கதை வேறு. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. எல்லாமே தனியார்தான். மாநில அரசு நடத்தவில்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள். சிகாகோ பல்கலைக்கழகம் 1890இல், எண்ணெய் வியாபாரத்தில் கொழித்த ஜான் டி. ராக்ஃபெல்லர் கொடுத்த பணத்தில் உருவானது. முதல் வகுப்பு 1892 அக்டோபரில் நடந்தது. இன்று இளநிலையில் நூறு பேர் விண்ணப்பித்தால் ஏறத்தாழ ஐந்து பேருக்குத்தான் இடம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் எந்த அனுகூலமும் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கவுன்டரில் பணம் கட்டி ரசீதோடு வாங்கி வரும் சீட் அல்ல இது.

விசாரிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அதே ஊரில் 'இலினாய் பல்கலைக்கழகம், சிகாகோ' என்று ஓர் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நல்ல இடம்தான், ஆனால் வேறு இடம். சொந்தக்காரர் யாராவது "எங்க பையன் சிகாகோவுலதான் படிக்கிறான்" என்றால், எந்த சிகாகோ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து இன்ஜினீயரிங். மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் எதுவும் அங்கே கிடையாது. மூலக்கூறுப் பொறியியல், அதாவது மூலக்கூறு அளவில் பொருள்களை வடிவமைக்கும் படிப்பு என்ற ஒரே பிரிவு உண்டு. அதற்கான தனிப் பள்ளியே 2019இல்தான் வந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிறது. எப்படியாவது 'பி.இ.' என்று போட்டாக வேண்டும் என்பது வீட்டின் ஆசையானால், இந்த இடத்தை இப்போதே மறந்துவிடலாம்.

உங்கள் மகளின் ஆசை இயற்பியல் என்கிறீர்கள். அப்படியானால் அவள் கண் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. 1942 டிசம்பர் 2ஆம் தேதி, இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியும் அவரது குழுவும் உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டியது அந்த வளாகத்தின் விளையாட்டு மைதானப் படிக்கட்டுக்கு அடியில். பல்கலைக்கழகம் கால்பந்தாட்டத்தை 1939இலேயே கைவிட்டிருந்ததால் மைதானம் சும்மா கிடந்தது. (விளையாட்டை நிறுத்திவிட்டு அணு உலை கட்டிய இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஊரின் குணம் பாதி புரிந்துவிடும்.) அந்த வேலையிலிருந்து வளர்ந்த ஆர்கான் தேசிய ஆய்வகத்தை இன்றும் இந்தப் பல்கலைக்கழகம்தான் நிர்வகிக்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937இல் அங்கே சேர்ந்து, 1995இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1983இல் நோபல் பரிசு. அவரைப் பற்றி அங்கே ஒரு கதை சொல்வார்கள். அவர் இருந்த யெர்க்ஸ் வானாய்வகம் பக்கத்து மாநிலத்தில், நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது. வகுப்பில் இரண்டே மாணவர்கள். பனிக்காலத்திலும் காரோட்டி வந்து பாடம் நடத்திவிட்டுப் போவாராம். அந்த இருவர், சீனாவில் பிறந்த இயற்பியலாளர்கள் லீயும் யாங்கும். 1957இல் இருவருமே நோபல் வாங்கினார்கள், ஆசிரியருக்கு 26 வருடம் முன்னாலேயே!

சரி, சரித்திரம் வாசிக்கும் பெண் என்றீர்களே, அதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். சிகாகோவில் இயற்பியல் எடுத்தாலும் இயற்பியலை மட்டும் படித்துவிட்டு வந்துவிட முடியாது. 'கோர்' என்று ஒரு பாடத்திட்டம். யாராக இருந்தாலும் தத்துவம், இலக்கியம், சமூக அறிவியல், உயிரியல், கலை, ஏதாவது ஒரு நாகரிகத்தின் வரலாறு என்று எல்லாவற்றிலும் கால் வைத்தாக வேண்டும். மொத்தப் படிப்பில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். வகுப்பும் சிறியது. இருபது பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மூலநூலைக் கையில் வைத்துக்கொண்டு வாதம் செய்வார்கள். நோட்ஸ் எழுதி மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய பிள்ளைகள் முதல் வருடம் திணறிப்போவார்கள். அதோடு, வருடத்தை செமஸ்டராகப் பிரிக்காமல் குவார்ட்டராகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்பது பத்து வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். மூன்றாவது வாரமே பரீட்சை வந்தாலும் ஆச்சரியமில்லை. 'சந்தோஷம் செத்துப்போக வரும் இடம்' என்று மாணவர்களே டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். கேலிதான், ஆனால் முழுப்பொய் இல்லை.

இந்த மாதிரிப் படிப்பில் என்ன லாபம் என்று உங்கள் கணவர் கேட்பார். ஏ.கே. ராமானுஜன் கதையைச் சொல்லுங்கள். மைசூரில் வளர்ந்த தமிழர். 1962இல் சிகாகோவுக்குப் போன புதிதில், பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடி ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்துக்குள் நுழைந்தார். கையில் அகப்பட்டது உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. சங்கக் கவிதைகளை அவர் ஆங்கிலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது அங்கிருந்து தொடங்கியதுதான். இன்றும் அங்கே தமிழ் வகுப்பு உண்டு.

இப்போது பணம். கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலருக்கு மேல். நம் பணத்தில் முக்கால் கோடியைத் தாண்டும். நான்கு வருடத்துக்கு மூன்று கோடி. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகிறார்கள், அதுவும் தாராளமாகவே. ஆனால் அமெரிக்கர்கள் விஷயத்தில் குடும்பத்தின் நிதிநிலையைப் பார்க்காமல் இடம் கொடுப்பவர்கள், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் அதையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். உதவி கேட்பவருக்குப் போட்டி இன்னும் கடுமை என்று அர்த்தம். அதற்காகக் கேட்காமல் விட்டுவிட்டு, சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வீட்டை விற்று அனுப்பலாமா என்றால், வேண்டாம் என்பேன். இங்கே நல்ல கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு ஆராய்ச்சிப் படிப்புக்கு அங்கே போக வழி இருக்கிறது. இயற்பியல் பிஎச்.டி. மாணவர்களிடம் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. மேலே செலவுக்கு உதவித்தொகையும் தருகிறார்கள். அந்த வளாகத்தில் இளநிலை மாணவர்களைவிட மேல்படிப்பு மாணவர்களே அதிகம்.

குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மிச்சிகன் ஏரிக் காற்று ஜனவரியில் எலும்பைத் தொடும். வளாகம் நகரின் தென்பகுதியில் இருக்கிறது, பக்கத்துப் பகுதிகளில் குற்றம் உண்டு. பல்கலைக்கழகம் தனிப் போலீஸே வைத்திருக்கிறது. ராத்திரி தனியாகச் சுற்றக் கூடாது என்பது அங்கே படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

விண்ணப்பத்தோடு ஒரு விசித்திரக் கட்டுரை எழுத வேண்டும். ஒரு வருடம் 'எக்ஸைக் கண்டுபிடி' என்பதே முழுக் கேள்வி. இந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். குதூகலமாக எழுத உட்கார்ந்தால் விண்ணப்பிக்கட்டும். கடைசித் தேதிகள் அவள் பிளஸ் டூ படிக்கும்போது நவம்பர் தொடக்கத்திலும் அதையடுத்த ஜனவரி தொடக்கத்திலும் வரும். அதில் 'முன்முடிவு' என்ற வகையில் விண்ணப்பித்தால், இடம் கிடைத்ததும் மற்ற கல்லூரிகளை விட்டுவிட்டு அங்கேதான் சேர வேண்டும். அந்தக் கட்டத்தில் டிக் போடுவதற்கு முன்னால் நீங்களும் உங்கள் கணவரும் பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு தடவை உட்கார்ந்துவிடுங்கள்.